பொறியும் தீப்பொறியும்

பொறி என்னும் சொல் தமிழிற் பலபொருள் குறிப்பது. ஆலை, கடிகாரம், கார் முதலிய இயந்திரங்கள் பொறி எனப்படும். அடுப்பினின்று தெறிக்கும் நெருப்புத் துளியும் பொறியே. மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தும் பொறிகளே. இம்மூவகைப் பொறிகளும் ஓரிடத்திற் கூடுதல் அரிது. சாவியைத் திருகியும் ஓட மறுத்து நிற்கும் பழைய கார் ஒன்றின் முன்னே அவை கூடுகின்றன. காராகிய பொறி நிற்பது, அதனுள் எழவேண்டிய நெருப்புப் பொறி எழாமையால். அஃது எழாமைக்குரிய காரணத்தை நாம் அறிவது கண், மூக்கு, செவி ஆகிய பொறிகளால். நாவுக்கு மட்டும் இங்கு வேலை இல்லை. மின்கலத்துள் இருப்பது கந்தக அமிலம்.

திருநெல்வேலி டவுணில் நெல்லையப்பர் திருக்கோயிலைச் சூழ்ந்த தேர் வீதிகளிற் பெரிய தேர் ஓடுவது ஆனித் திருவிழாவில். அத்தேருக்கு வடம் பிடிக்க ஆயிரக் கணக்கான கைகள் வேண்டும். அதே வீதிகளில் ஆண்டு முழுதும் ஓடிய மற்றொரு தேர் அம்பாசிடர் கார். மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார் நிறுவனத்தார் இங்கிலாந்து நாட்டு மோரிஸ் ஆக்ஸ்போர்டு என்னும் காரை அடியொற்றி 1958 முதல் இதனைச் செய்துவந்தனர். 2014-ஆம் ஆண்டு மே மாதத்தில் உற்பத்தி நின்றது. ஆயினும் வீட்டுக் கொட்டில்களிலும் வாடகைக்கார் நிலையங்களிலும் அது முற்றும் மறைந்துவிடவில்லை. பழைய காரை வைத்திருப்போரிற் சிலர் அதனை ஆசையால் வைத்திருக்கின்றனர். சிலர் அதனாற் பிழைக்கின்றனர்.

பின்னவர்க்குக் கார் ஓடாத காலை, வருவாய் இல்லாத காலை. அன்றியும், நள்ளிரவில் டவுணிலிருந்து பிள்ளைப்பேற்று வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு, ஈரடுக்கு மேம்பாலம் ஏறி, சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவமனையை அடையவேண்டிய வேளையில் கார் உறங்குமாயின், உறக்கத்தின் காரணத்தை அறிந்தவன் ஒருவன் அருகில் இருத்தல் பெரும்பேறு. மாணவர்களே! அவ்வறிவு பெறுதற்கரிய மறைபொருள் அன்று. வரிசை தவறாமல் வினாவத் தெரிந்தாற் போதும்.

முதலில் அமைப்பை அறிவோம். காரின் இயந்திரத்துள் நான்கு உருளைகள் உள்ளன. ஒவ்வொன்றினுள்ளும் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து புகுகின்றன. உள்ளே மேலும் கீழும் இயங்கும் பிஸ்டன் அக்கலவையை நெருக்குகின்றது. நெருக்கிய அக்கணத்தே ஒரு மின்பொறி எழுந்து கலவையைக் கொளுத்த, விரிந்த வாயு பிஸ்டனைக் கீழே தள்ளுகின்றது. அத்தள்ளுதலே சக்கரம் சுழல்வதற்கு முதல். பொறி சிறிது முந்தினாலும் கேடு, பிந்தினாலும் கேடு.

மின்கலம் தருவது 12 வோல்ட்டு. நெருக்குண்ட கலவையினூடே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த இடைவெளியைத் தாண்டி மின்சாரம் பாயவேண்டுமாயின் பல்லாயிரம் வோல்ட்டு வேண்டும். பன்னிரண்டைப் பல்லாயிரம் ஆக்குவது எங்ஙனம்? 1831-இல் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில அறிஞர் கண்ட உண்மை இங்கே துணைபுரிகின்றது. ஒரு கம்பிச் சுருளிற் பாயும் மின்சாரம் திடுமென அறுபடுமாயின், அதனை அடுத்துள்ள மற்றொரு சுருளில் மின்னழுத்தம் தோன்றும். முதற்சுருள் தடித்த கம்பியாற் சில நூறு சுற்றுகளும், இரண்டாஞ் சுருள் மெல்லிய கம்பியாற் பல்லாயிரம் சுற்றுகளும் உடையதாயின் அழுத்தம் அவ்வளவிற்குப் பெருகும். இவ்விரு சுருள்களையும் ஓர் எண்ணெய்க் குடுவையுள் அடக்கியதையே பட்டறையார் காயில் என்பர்.

மின்சாரத்தை அறுப்பது யார்? அதுவே பாயிண்டு. இரண்டு சிறிய உலோகக் குமிழ்கள் ஒன்றையொன்று தொட்டும் விலகியும் நிற்கும். நடுவே சுழலும் நாற்கோணத் தண்டு அவற்றை விலக்கும்போதெல்லாம் மின்சாரம் அறுபட்டுக் காயிலிற் பேரழுத்தம் எழும். அதனை வாங்கி, இன்ன உருளைக்கு இப்பொழுது எனப் பங்கிட்டுக் கொடுப்பது டிஸ்டிரிபியூட்டர். அதன் தலைமேற் கவிழ்ந்த கரிய மூடியும், அம்மூடியுள் சுழலும் ரோட்டார் என்னும் சிறு கையும் இவ்வேலையைச் செய்கின்றன. பந்தியிற் பரிமாறுவோன் இலைக்கு இலை திரும்புதல்போல ரோட்டார் திரும்பும். ஆனால் அது 1, 2, 3, 4 எனச் செல்லாது; 1, 3, 4, 2 என்னும் முறையிலேயே உருளைகள் பொறி பெறும். இயந்திரம் நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும்போது, ஒரு நொடிக்கு 100 முறை பாயிண்டு திறந்து மூடுகின்றது என்றால் அச்சிறு குமிழ்களின் உழைப்பை எண்ணிப் பாருங்கள். இவ்வமைப்பை அமெரிக்க நாட்டுச் சார்லஸ் கெட்டரிங் என்பார் செப்பஞ் செய்தனர். சாவியால் இயந்திரத்தைச் சுழலச் செய்யும் மின் தொடக்கியையும் அவரே அமைத்தனர். 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் அது வந்தது.

நம் சீமைக்கும் இக்கலைக்கும் தொடர்பு உண்டு. 1877-இல் திருக்குறுங்குடியிற் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையில் பேருந்துத் தொழிலை வளர்த்துத் தென்னாட்டில் மோட்டார்த் தொழிலுக்கே வேரூன்றினார். அவர்தம் குழுவினர் லூகாஸ் நிறுவனத்தாருடன் கூடிச் சென்னைப் பாடியில் நிறுவிய தொழிற்சாலை, 1960-களின் தொடக்கமுதல் வண்டிகளுக்குரிய மின்கருவிகளைச் செய்துவருகின்றது.

இனி, ஓடாத காரின் அருகே செல்வோம். கியர் நடுநிலையில் இருக்கின்றதா, கைப்பிரேக்கு இழுத்துள்ளதா எனப் பார்த்த பின்னரே முன்மூடியைத் திறக்கவேண்டும். அருகே பீடி, சுருட்டு ஆகாது. டீசல் அம்பாசிடர் ஆயின் இப்பாடம் அதற்குப் பொருந்தாது. டீசல் இயந்திரத்தில் நெருக்குதலின் வெப்பமே எண்ணெயைக் கொளுத்தும். தீப்பொறி அங்கே இல்லை.

முதல் வினா செவிக்கு உரியது. சாவியைத் திருகிச் செல்பை இயக்கும்போது இயந்திரம் சுழல்கின்றதா? 'டக்' என்னும் ஓர் ஒலியோடு நின்றால், அல்லது முனகி முனகிச் சுழன்றால், பழுது தீப்பொறியில் இல்லை; மின்கலத்திலோ அதன் இணைப்பிலோ உள்ளது. முன்விளக்கை ஏற்றிவிட்டுச் செல்பை இயக்குக. விளக்கு மிகவும் மங்கினால் மின்கலம் வலுவிழந்தது, அல்லது முனைகளில் இணைப்புத் தளர்ந்தது. விளக்குச் சற்றும் மங்காமல் செல்பும் வாளாவிருந்தால் மின்சாரம் செல்பைச் சென்று அடையவேயில்லை. மின்கல முனைகளில் வெண்மையும் பசுமையுமாகப் பூத்திருக்கும் களிம்பே பலமுறை குற்றவாளி. இணைப்பைக் கழற்றி, வெந்நீரால் அதனைக் கழுவிச் சுரண்டி, இறுக்கி, மேலே வாசலின் தடவுக. புதிய மின்கலம் வாங்கவேண்டும் என்று சொல்லப்பட்ட கார்களுள் இவ்வெந்நீரால் எழுந்து ஓடியவை எத்தனையோ!

இங்கே நுட்பம் ஒன்று உண்டு. மின்கலம் மெலிந்திருந்தால், செல்பு சுழலும்போது இருக்கும் மின்சாரத்தையெல்லாம் அதுவே குடித்துவிடும். காயிலுக்கு மிச்சம் இராது. அப்பொழுது இயந்திரம் சுழலும், பொறி எழாது. அதே காரை நால்வர் தள்ளினால் உடனே ஓடும். தள்ளினால் ஓடி, செல்பால் ஓடாத காரிற் காயிலையும் பாயிண்டையும் நொந்துகொள்ளுதல் வீண்.

நன்றாகச் சுழன்றும் ஓடவில்லை என்றால் அடுத்த வினா: குறைவது பெட்ரோலா, பொறியா? இங்கே மூக்கு உதவும். பலமுறை செல்பு இயக்கியபின் பெட்ரோல் நாற்றம் வீசுமாயின் பெட்ரோல் வருகின்றது, எரியத்தான் இல்லை. இனிப் பொறியைக் கண்ணாற் காணவேண்டும். வேறொரு நல்ல பிளக்கை எடுத்து, ஓர் உருளையின் பிளக்குக் கம்பியை அதில் மாட்டி, அதன் உடல் இயந்திரத்தின் இரும்பைத் தொடுமாறு சார்த்துக. கையாற் பிடித்தல் ஆகாது. பல்லாயிரம் வோல்ட்டு கொல்லாவிடினும் தூக்கி எறியும். இயந்திரத்தில் உள்ள பிளக்கையே கழற்றிச் சோதிப்போர் பலர். கழற்றிய துளையின் வழியே பெட்ரோல் ஆவி சீறும். அருகிலேயே பொறியும் எழும். ஆதலால் வேறு பிளக்கைக் கொண்டு, கார்புரேட்டருக்கு அகலே வைத்துச் சோதிப்பதே நன்று. ஒருவர் செல்பை இயக்க, மற்றவர் பார்க்கவேண்டும். நீலநிறமாய், 'சடக் சடக்' என்னும் ஒலியோடு எழுவது நல்ல பொறி. மஞ்சளாய் மெலிந்து எழுவது நலிந்த பொறி. திறந்த வெளியில் அது தோன்றினும், நெருக்குண்ட கலவையினுள் எழாமல் அவிந்துவிடும்.

பிளக்கிற் பொறி இல்லையெனில் ஒரு படி பின்னே செல்லவேண்டும். காயிலிலிருந்து டிஸ்டிரிபியூட்டர் மூடியின் நடுவே செல்லும் தடித்த கம்பியை மூடியினின்று உருவி, அதன் நுனி இயந்திர இரும்புக்கு அரை சென்டிமீட்டர் தொலைவில் நிற்குமாறு மரக்கவ்வி ஒன்றாற் பிடித்துச் செல்பை இயக்குக. அங்கே பொறி எழுகின்றதா? எழுமாயின், காயிலும் பாயிண்டும் பழுதற்றன. பழுது மூடியிலோ ரோட்டாரிலோ பிளக்குக் கம்பிகளிலோ இருத்தல் வேண்டும். எழாதாயின், பழுது காயிலுக்கு இப்பால், 12 வோல்ட்டுப் பகுதியில், அல்லது காயிலிலேயே உள்ளது. இவ்வொரு சோதனை வழக்கைப் பாதியாகக் குறைத்துவிடும். இதனைச் செய்யாமலே பிளக்கை மாற்று, காயிலை மாற்று, கண்டென்சரை மாற்று என்று ஒன்றன்பின் ஒன்றாக உறுப்புகளை மாற்றுவோர் உளர். எட்டாவது உறுப்பில் கார் ஓடிவிடும். ஏழு உறுப்புகளின் விலையைக் கொடுப்பவன் அன்றாடங் கூலிக்கு ஓட்டும் ஓட்டுநன்.

மூடியைச் சோதிப்போம். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில், வடகிழக்குப் பருவமழை பெய்த மறுநாட்காலையில், பழைய கார்களை நிறுத்துவது பெரும்பாலும் இம்மூடியே. உள்ளே படிந்த ஈரம் பேரழுத்த மின்சாரத்துக்குக் குறுக்குவழி ஆகின்றது. மின்சாரம் பிளக்குக்குச் செல்லாமல் ஈரத்தின் வழியே இரும்பிற் பாய்ந்து ஒழியும். அவ்வாறு பாய்ந்த தடம் கருகி, சிலந்தி நூல்போல் ஒரு கரிய கோடாய் மூடியின் உட்புறத்தே நின்றுவிடும். ஈரம் உலர்ந்த பின்னும் அக்கோடு வழி காட்டிக்கொண்டே இருக்கும். ஆதலால் ஈரம் மட்டும் உள்ள மூடியை உலர்ந்த துணியால் உள்ளும் புறமும் துடைத்தாற் போதும். கோடு விழுந்த மூடியையும் விரிசல் கண்ட மூடியையும் மாற்றியே ஆகவேண்டும். மூடியின் நடுவே வில்லின்மேல் நிற்கும் சிறு கரித்துண்டு தேய்ந்தோ சிக்கியோ இராமல், அழுத்தினால் உள்ளே சென்று விட்டால் மீளவேண்டும். இரவின் இருளில் முன்மூடியைத் திறந்து செல்பை இயக்கினால், மேலுறை வெடித்த கம்பிகளின்மேல் மின்மினிபோற் பொறி ஊர்வதையும் காணலாம்.

சந்திப் பிள்ளையார் கோயிலுக்கு அணித்தாக நின்ற வாடகைக்கார் ஒன்று, மழை விட்ட ஒரு காலையில் எழ மறுத்தது. திருமண வீட்டார் முகூர்த்தத்துக்கு நேரமாயிற்று என்று துடித்துக்கொண்டிருந்தனர். காரைச் சூழ்ந்தோர் தலைக்கொரு மருந்து கூறினர். முதிய ஓட்டுநர் எவர்க்கும் விடை கூறாமல் மூடியைக் கழற்றினார். தோளில் இருந்த துண்டின் உலர்ந்த நுனியால் துடைத்தார். வாயால் ஊதவில்லை, ஊதினால் மூச்சின் ஈரம் படியும் என்பதை அறிந்தவர். மூடியை மாட்டிச் சாவியைத் திருகினார். கார் புறப்பட்டது. அவர் அதற்குக் கொண்ட பொழுது வெற்றிலை ஒன்று போடும் பொழுதினும் குறைவு.

மூடியைத் துடைக்கும் ஆர்வத்தில் நான்கு பிளக்குக் கம்பிகளையும் ஒருசேர உருவிவிடுவோர்க்கு ஒன்று சொல்லவேண்டும். எது எந்த உருளைக்கு உரியது என்பது மறந்துவிடும். முறை மாறி மாட்டினால் கார் தும்மும், வெடிக்கும், ஓடாது. ஒவ்வொன்றாகவே எடுத்துத் துடைத்து மாட்டவேண்டும்.

இனி, காயிலின் நடுக்கம்பியிற் பொறி இல்லாத நிலை. இதற்கு வேண்டுவது 12 வோல்ட்டுச் சிறுவிளக்கு ஒன்றும், அதிற் பொருத்திய இரு கம்பிகளுமே. ஒரு கம்பியை இயந்திர இரும்பில் மாட்டுக. சாவியைத் திறந்து, மற்றதைக் காயிலின் மேல் உள்ள இரு சிறு முனைகளுள் சாவிப் பக்கத்து முனையில் தொடுக. விளக்கு எரியாவிடில் மின்சாரம் காயிலுக்கே வரவில்லை. சாவியையும் இடைக்கம்பியையும் பார்க்கவேண்டும். எரிந்தால், டிஸ்டிரிபியூட்டர்ப் பக்கத்து முனையிலே தொட்டுக்கொண்டு இயந்திரத்தை மெல்லச் சுழற்றுக. பாயிண்டு திறக்கும்போது விளக்கு எரியவும், மூடும்போது அவியவும் வேண்டும். அவியாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்டுகள் ஒன்றையொன்று உண்மையாகத் தொடவில்லை. குமிழ்களிற் கரியோ எண்ணெயோ படிந்துள்ளது, அல்லது கம்பி அறுந்துள்ளது. எரியாமலே இருந்தால், டிஸ்டிரிபியூட்டருக்குச் செல்லும் கம்பியை அம்முனையினின்று கழற்றிப் பார்க்கவேண்டும். கழற்றியதும் விளக்கு எரிந்தால் டிஸ்டிரிபியூட்டருள் எங்கோ மின்சாரம் இரும்பிற் கசிகின்றது. பாயிண்டின் காப்புக் கெட்டிருக்கலாம், கண்டென்சர் பழுதாகியிருக்கலாம், அன்றிப் பாயிண்டு திறவாமலே இருக்கலாம். கழற்றியும் எரியாவிடில் காயிலின் முதற்சுருள் அறுந்தது. சாவியைத் திறந்தபடியே நெடுநேரம் விடுதல் கூடாது. பாயிண்டு மூடிய நிலையில் நின்றுவிட்டாற் காயில் கொதித்துக் கெடும்.

பாயிண்டு தேயும் இயல்பினது. நாற்கோணத் தண்டில் உராயும் அதன் குதிகால் தேயத் தேயத் திறக்கும் இடைவெளி குறைந்துகொண்டே வரும். ஒருநாள் திறவாமலே போகும். முழுதும் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும். அளவுத் தகட்டை இடையிற் செலுத்திப் பார்த்துத் திருகாணியைத் தளர்த்தி இதனைச் சரிசெய்யலாம். மங்கிய குமிழ்களை மெல்லிய அரத்தால் ஒருமுறை தேய்த்து, தூய தாள் ஒன்றை இடையிற் செலுத்தி இழுத்தால் தூசு நீங்கும். குமிழ்கள் விரைவிற் கருகிக் குழிவிழுமாயின் கண்டென்சரை ஐயுறுக. பாயிண்டு திறக்கும் கணத்தில் அங்கே மின்சாரம் பொறியாய்த் தாவாதபடி தாங்கிக்கொள்வது அதன் தொழில். அது தாங்காவிடில், பிளக்கில் எழவேண்டிய நெருப்புப் பாயிண்டிலேயே எழுந்து வீணாகும்.

கோடையில் வேறொரு வகை வழக்கு வரும். காலையில் நன்றாக ஓடிய கார், நண்பகலில் நாங்குநேரிச் சாலையிலே திடுமென நின்றுவிடும். அரைமணி நேரம் நிழலில் நின்றபின் ஒன்றும் நடவாததுபோல் ஓடும். ஓட்டுநர் பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றுவர். வெப்பத்தாற் பெட்ரோல் குழாயினுள்ளேயே ஆவியாகி, குமிழி அடைத்துக்கொண்டதாயின் அது தக்க மருந்தே. ஆனால், காயிலோ கண்டென்சரோ சூடேறியபின் மட்டும் பழுதாவதும் உண்டு. குளிர்ந்தபின் அதுவும் தேறிவிடும். இரண்டும் பார்வைக்கு ஒரே நோய். வேறுபாடு அறிய வழி ஒன்றே: கார் நின்ற அப்பொழுதே, குளிர்வதற்கு முன், பொறியைச் சோதிக்கவேண்டும். நீலப்பொறி எழுந்தால் குழாயைக் குளிர்விக்கலாம். எழாவிடில் ஈரத்துணியை மடித்து வைத்துவிட்டுக் காயிலைப் பார்க்கலாம். குளிர்ந்தபின் பட்டறைக்குக் கொண்டுசென்று காட்டினால் எந்த மருத்துவனும் நோயைக் காணமாட்டான்.

பிளக்குகள் இயந்திரத்தின் நாக்குப் போன்றவை. நிறத்தால் உடல்நிலை உரைக்கும். இளங்கபில நிறம் நலம். உலர்ந்த கரி படிந்தால் பெட்ரோல் மிகுதி, அல்லது பொறி நலிவு. எண்ணெய்ப் பசையானால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்தன. பெட்ரோலில் நனைந்திருந்தால், பொறி எழாமையோ, சோக்கை மிகுதியாக இழுத்தமையோ காரணம்; அவற்றைக் கழற்றி உலர்த்தி, சிறிது நேரம் கழித்து முயலவேண்டும்.

எஞ்சியது வெள்ளம். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 நாட்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரு நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று, தாமிரபரணி கரைபுரண்டது, வீடுகளும் வண்டிகளும் நீரில் நின்றன. அவ்வாறு மூழ்கி எழுந்த காரில், நீர் வடிந்ததும் சாவியைத் திருகிப் பார்ப்போம் என்னும் ஆவல் எவர்க்கும் எழும். அதனை அடக்கவேண்டும். உருளைக்குள் நீர் புகுந்திருந்தால், காற்றைப்போல் நீர் நெருக்குண்ணாது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். முதலில் மின்கல இணைப்பைக் கழற்றி, நான்கு பிளக்குகளையும் எடுத்து, முன்னே கைப்பிடியை மாட்டி இயந்திரத்தை மெல்லச் சுழற்ற, நீர் துளைகளின் வழியே பீறிட்டு வெளிவரும். அளவுகோலில் இயந்திர எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் அதனை வடித்து மாற்றவேண்டும். பெட்ரோல் தொட்டியின் அடியிலும் நீர் தங்கியிருக்கும். பின்னர் மூடி, ரோட்டார், பாயிண்டு, கம்பிகள், பிளக்குகள் ஆகிய ஒவ்வொன்றையும் கழற்றி நல்ல வெயிலில் உலர்த்துக. மின்னணுக் கருவிகள் நிறைந்த இக்காலக் காருக்கு இவ்வைத்தியம் போதாது. பழைய அம்பாசிடருக்கோ வெயிலும் துணியும் பொறுமையுமே பெரும்பாலும் போதும். அனைத்தும் உலர்ந்து, முறைப்படி மாட்டி முடிந்தபின், மேலே கூறியவாறு வேறொரு பிளக்கைச் சார்த்திப் பார்க்க, நீலப்பொறி எழுந்தால், அப்பொழுது சாவியைத் திருகலாம்.